அலுமினியக் கூடும் கரிச் சீலும்

எஞ்சின்களின் வரலாறு: தொடர்

ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரில், என்.எஸ்.யு. நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில், 1957 பிப்ரவரி 1 அன்று ஃபெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி எஞ்சின் முதன்முதலாக ஓடியதைச் சென்ற இதழில் பார்த்தோம். கூடும் ரோட்டரும் இரண்டுமே சுழன்ற அந்த முதல் அமைப்பை ஓரமாக வைத்துவிட்டு, கூடு அசையாமல் நிற்க ரோட்டர் மட்டும் சுழலும்படி ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே மாற்றியமைத்ததையும் பார்த்தோம். இன்றுவரை உலகில் ஓடும் வாங்கெல் எஞ்சின்கள் பெரும்பாலும் பாஷ்கேயின் வழியில் வந்தவைதான்.

வடிவத்தின் கதை அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது, அந்த வடிவத்தை எதைக் கொண்டு செய்வது என்பதில்தான். இந்த எஞ்சினைப் பற்றி எழுதுபவர்களில் பலர் வடிவத்தின் அழகில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதன் உண்மையான வீரக்கதை உலோகவியல் கூடத்திலும் முலாம் பூசும் தொட்டியிலும் நடந்தது. இந்த இதழ் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்முன் கொண்டுவந்துவிடுவோம். நடுவில் இடுப்பு சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோண ரோட்டர். ரோட்டர் சுழலும்போது அதன் மூன்று முனைகளும் எந்நேரமும் கூட்டின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே போகின்றன. அதனால் ரோட்டருக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகி, பெருத்துச் சிறுத்து, கலவையை உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகின்றன. வால்வு கிடையாது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் கிடையாது. அதே திறனுள்ள பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிட்டால் இதன் அளவும் எடையும் ஆச்சரியப்படும்படி குறைவு.

ஆனால் முனை சுவரைத் தொடுகிறது என்று சொன்னேனே, அங்கேதான் எல்லாத் துன்பமும். ரோட்டரே நேரடியாகச் சுவரில் உரசினால் நிமிடத்தில் இறுகிப்போகும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு மெல்லிய பட்டையைச் செருகுகிறார்கள். பட்டைக்குப் பின்னால் வளைந்த தகடாக ஒரு ஸ்பிரிங். இந்தப் பட்டைக்குப் பெயர் அபெக்ஸ் சீல், அதாவது முனைச் சீல். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ரோட்டரி எஞ்சினில் அதன் நீளம், ரோட்டரின் அகலத்துக்குச் சமமாக, 60 மி.மீ. ஓர் ஆள்காட்டி விரலைவிடச் சிறிய பொருள். அது ஒரு பக்கம் எரியும் வாயுவையும் மறுபக்கம் புதிதாக வந்த குளிர்ந்த கலவையையும் பிரித்து நிறுத்த வேண்டும். அதுவும் சுவரோடு கோணம் மாறிக்கொண்டே, பள்ளத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளப்பட்டுக்கொண்டே.

பிஸ்டன் ரிங்குக்கு இப்படிப்பட்ட வாழ்க்கை இல்லை. அது சிலிண்டர் சுவரைப் பரந்த முகத்தால் தொடுகிறது. கீழிருந்து எண்ணெய் கிடைக்கிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கணம் நிற்கிறது. முனைச் சீல் ஒரே கோட்டில் மட்டும் தொடுகிறது, நிற்பதே இல்லை, எரிகிற எரிபொருளோடு கலந்து வரும் சிறிதளவு எண்ணெய்தான் அதற்கு மசகு.

கூட்டின் பாடும் லேசானதல்ல. பிஸ்டன் எஞ்சினில் சூடும் குளிரும் ஒரே இடத்தில் மாறி மாறி வரும். ரோட்டரி எஞ்சினில் எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில், ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில்தான் நடக்கிறது. காற்று உள்ளே வரும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி. ஒரே வார்ப்பில் ஒருபுறம் கொதிக்க மறுபுறம் ஆறிக்கிடந்தால் கூடு கோணுவது இயல்பு. சூட்டைச் சீக்கிரம் பரப்பிவிடும் உலோகம் வேண்டும். அலுமினியக் கலவைகள் வார்ப்பிரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துபவை. எடையோ வார்ப்பிரும்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். ஆக, எடைக்காகவும் சூட்டுக்காகவும் அலுமினியம்தான் இயல்பான தேர்வு. ஆனால் அலுமினியம் மென்மையானது. அதன்மேல் ஒரு சீலை இழுத்துக்கொண்டு ஓடினால் நெடுநாள் தாங்காது. லேசான உடலுக்குக் கடினமான தோல் ஒன்றைப் போர்த்த வேண்டும். ரோட்டரி எஞ்சினின் பொருள் வரலாறு முழுவதும் இந்தத் தோலையும் அதில் உரசும் அந்தச் சீலையும் ஜோடி சேர்க்க நடந்த முயற்சிதான்.

இப்போது ஹிரோஷிமாவுக்குப் போவோம். டோயோ கோக்யோ என்ற பெயரில் இயங்கிய மாஸ்டா நிறுவனம் 1920-இல் கார்க் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. 1931 முதல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் செய்து வளர்ந்தது. 1960 வாக்கில் அதன் தலைவராக இருந்தவர் நிறுவனரின் மகன் ட்சுனேஜி மட்சுடா. ஜப்பான் அரசின் வர்த்தகத் தொழில் அமைச்சகம் அப்போது சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துச் சில குழுக்களாக்கப் பார்த்தது. தனித்து நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருக்க வேண்டும் என்று மட்சுடா முடிவெடுத்தார். 1960 அக்டோபரில் ஜெர்மனிக்குப் புறப்பட்டுப் போய் என்.எஸ்.யு.வோடு உரிம ஒப்பந்தம் பேசி முடித்தார். 1961 ஜூலையில் அரசின் அனுமதி கிடைத்தது.

காசு கொடுத்து வாங்கிய எஞ்சின் எப்படிப்பட்டது என்பது சோதனை மேடையில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. சில நூறு மணி நேரங்களில் குரோமிய முலாம் பூசிய உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல்கள். வரிசையாக, சீரான இடைவெளியில், ஏதோ ஒன்று நகத்தால் பிராண்டியது போன்ற தடங்கள். ஹிரோஷிமாவில் அவற்றைப் ‘பேயின் நகக்கீறல்கள்’ என்றே அழைத்தார்கள். கீறல் விழுந்த இடத்தில் சீல் சரியாகப் பொருந்தாது, அழுத்தம் கசியும், திறன் குறையும், கடைசியில் எஞ்சின் நின்றுவிடும். இதே சிக்கல் நெக்கார்சுல்மிலும் இருந்தது. உரிமம் விற்றவர்களிடமும் மருந்து இல்லை.

1963 ஏப்ரலில் ரோட்டரி எஞ்சினுக்கென்றே தனி ஆராய்ச்சித் துறை தொடங்கப்பட்டது. தலைமைப் பொறுப்பு கெனிச்சி யமமோட்டோவுக்கு. அவருக்குக் கீழே பொறியாளர் கூட்டம் ஒன்று. மொத்தம் 47 பேர். தங்கள் தலைவனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்கள் பற்றிய கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். எண்ணிக்கை பொருந்திவிட்டதால் அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் மாஸ்டாவின் தலைவராகவே உயர்ந்த யமமோட்டோ, தூங்கும் நேரம் தவிர எப்போதும் ரோட்டரியைப் பற்றியே நினைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார் என்பது மாஸ்டாவில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

கீறல் ஏன் வருகிறது? உலோகத்தின் கடினம் போதவில்லை என்பது முதலில் தோன்றிய விடை. கடினமான சீல்கள், கடினமான முலாம்கள் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். கீறல் போகவில்லை. சீலின் அதிர்வுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தபோதுதான் வழி திறந்தது. கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் ‘கிரீச்’ என்ற ஓசையோடு புள்ளி புள்ளியாகக் கோடு விழுமே, அதே போன்ற நிகழ்வுதான். சீல் சுவரில் ஒரு கணம் ஒட்டி, மறுகணம் வழுக்கி, மீண்டும் ஒட்டி ஓடுகிறது. அந்தத் துடிப்பு சீலின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அடி விழுகிறது. சுவர் எவ்வளவு கடினமாக இருந்தால் என்ன?

அப்படியானால் சீலின் அதிர்வெண்ணையே மாற்றிவிட்டால்? உலோகச் சீலின் விளிம்புக்கு அருகே நெடுக்காக ஒரு துளை, அதற்குக் குறுக்காக ஒரு துளை என்று குடைந்தார்கள். ‘குறுக்குத் துளைச் சீல்’ என்று பெயர். விரலைவிடச் சிறிய பட்டையில் இந்தத் துளையைப் போடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை லேத் பட்டறையில் நின்றவர்கள் அறிவார்கள். பலன் கிடைத்தது. சோதனை எஞ்சின் ஒன்று அதிவேகத்தில் தொடர்ந்து 300 மணி நேரம் ஓடியது; கீறல் விழவில்லை.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. புதிய பொருள் எதுவும் இங்கே வரவில்லை. இருந்த பொருளில் கொஞ்சம் குறைத்தார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் எடை போனதும் அதிர்வின் தன்மை மாறிவிட்டது. எஞ்சினில் எடை குறைப்பது என்றால் வண்டி லேசாக ஓடுவதற்காக என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஓடுகிற ஒரு துண்டின் எடை அது துடிக்கும் விதத்தையும் உரசும் விதத்தையும் தீர்மானிக்கிறது என்பதை அந்தத் துளைகள் காட்டின.

ஆனாலும் துளையிட்ட சீல் சோதனைக்கூடத்துக்குச் சரி. ஆயிரக்கணக்கில் செய்து விற்க ஏற்றதல்ல. விற்பனைக்கு வந்த வடிவம் வேறு திசையிலிருந்து பிறந்தது. கரி தானே மசகாகும் தன்மை உடையது. உலோகத்தின் மேல் வழுக்கிப் போகும், ஒட்டாது. ஆனால் வெறும் கரி நொறுங்கிவிடும். நிப்பான் கார்பன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து மாஸ்டா செய்த வேலை, வலுவான கரிக்கட்டியின் நுண்துளைகளுக்குள் உருகிய அலுமினியத்தை அழுத்தத்தால் ஏற்றியது. கரியின் வழுக்கலும் அலுமினியத்தின் பிடிப்பும் ஒரே துண்டில் சேர்ந்தன. எடையோ அதே அளவுள்ள இரும்புச் சீலைவிட மிகக் குறைவு. இன்று கூட்டுப்பொருள்கள் என்று விமானத் துறையில் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டிய பொருள் இது. 1960-களின் நடுவிலேயே ஒரு கார் எஞ்சினின் மிகச் சூடான மூலையில் உட்கார்ந்து வேலை செய்தது. 1,000 மணி நேரச் சோதனை முடிந்து பிரித்துப் பார்த்தபோது சீல் சிறிதளவே தேய்ந்திருந்தது. சுவரில் பேயின் நகம் படவே இல்லை.

1967 மே 30 அன்று காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 491 சி.சி., திறன் 110 குதிரைத்திறன். அந்த எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையான ஒரு பொருட்காட்சி கிடைக்கும். நடுக்கூடு அலுமினிய வார்ப்பு, உள்ளே குரோமிய முலாம். இருபுறமும் மூடியாக நிற்கும் பக்கக் கூடுகளும் அலுமினியம்தான். ஆனால் ரோட்டர் உரசும் முகத்தில் உருகிய கார்பன் எஃகைத் தெளித்துத் தோலாக்கியிருந்தார்கள். ரோட்டர் வார்ப்பிரும்பு. நடுத்தண்டு குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகு. முனையில் கரியும் அலுமினியமும் சேர்ந்த சீல். எஞ்சினின் மொத்த எடை 102 கிலோ.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் 84 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டும் மாரத்தான் போட்டிக்கு இரண்டு காஸ்மோ கார்களை அனுப்பினார்கள். ஒன்று 82-ஆவது மணியில் அச்சு முறிந்து வெளியேறியது. எஞ்சின் முறியவில்லை, கவனியுங்கள். மற்றொன்று நான்காவதாக வந்தது. மூன்றரை நாள் அந்தக் கரிப் பட்டைகள் குரோமியச் சுவரில் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன.

அதே 1968-இல்தான் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. நடுத்தர மக்கள் வாங்கும் விலையில் ஃபமிலியா ரோட்டரி காரை இறக்கியபோது விலையைக் குறைத்தாக வேண்டும். எஃகு தெளித்த அலுமினியப் பக்கக் கூடு செலவு பிடிக்கும் சமாசாரம். அதை விட்டுவிட்டு வார்ப்பிரும்புக்கு மாறினார்கள். மலிவான பாகங்கள் வந்ததும் எஞ்சின் எடை 122 கிலோவாக ஏறியது. 20 கிலோ கூடுதல். ரோட்டரியின் பெருமையே எடைக்குறைவு என்றிருக்க, எஞ்சின் எடையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மலிவு இல்லாமல் ரோட்டரி ஒரு கண்காட்சிப் பொருளாகவே போயிருக்கும். ஆனால் அந்த 20 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே நெக்கார்சுல்மில் என்ன நடந்தது? 1967-இல் என்.எஸ்.யு.வின் ரோ 80 கார் வெளிவந்தது. 115 குதிரைத்திறன், காற்றைக் கிழிக்கும் அழகான உடல். 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது. ஆனால் முனைச் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. வாரன்டியில் எஞ்சினையே மாற்றிக் கொடுத்துக் கொடுத்து நிறுவனம் நொந்துபோனது. எதிரெதிரே வரும் ரோ 80 உரிமையாளர்கள் கை அசைப்பதற்குப் பதில், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்றொரு கதை ஜெர்மனியில் வெகு பிரபலம். மூன்று துண்டுகளாகச் செய்த சீலின் நடுத்துண்டை இன்னும் கடினமான பொருளுக்கு மாற்றியதும் நோய் குணமானது. காலம் கடந்துவிட்டது. 1969-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆடியோடு என்.எஸ்.யு. இணைக்கப்பட்டது.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து ஒரு செல்வம் மிஞ்சியது. அலுமினியக் கூட்டுக்குத் தோல் தேடிய வேலையில், ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் நிக்காசில் என்ற முலாமைக் கொண்டுவந்தது. முலாம் தொட்டியில் நிக்கலைப் படியவைக்கும்போதே அதில் சிலிக்கான் கார்பைடு நுண்துகள்களையும் கலந்து படியவைப்பது அதன் உத்தி. சிலிக்கான் கார்பைடு சாணைக்கல்லில் இருக்கும் பொருள், கடினம் அபாரம். நிக்கல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நிக்கல் கொஞ்சம் தேய, துகள்கள் தலைநீட்டி நிற்க, அவற்றுக்கிடையே எண்ணெய் தங்கிக்கொள்கிறது. கடினமும் மசகும் ஒரே தோலில், அதுவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமனில். ரோட்டரிக்காகப் பிறந்த இந்த முலாம் பிஸ்டன் எஞ்சின்களின் உலகத்தையே மாற்றிவிட்டது. போர்ஷே தன் பந்தயக் கார்களிலும் பின்னர் 911 காரிலும் அதைப் பயன்படுத்தியது. இரும்பு லைனர் இல்லாத அலுமினிய சிலிண்டர் பரவ வழி பிறந்தது. புனே அருகே சாக்கனில் தயாராகி நம்மூர்ச் சாலைகளில் பறக்கும் கேடிஎம் டியூக் பைக்கின் சிலிண்டருக்குள்ளும் இந்த வகைத் தோல்தான் இருக்கிறது. அதை ஓட்டுகிற இளைஞருக்கு ரோ 80 என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1973-இன் எண்ணெய் நெருக்கடி ரோட்டரியின் மேல் இடியாக விழுந்தது. அதிகம் குடிக்கும் எஞ்சின் என்ற பெயர் வந்துவிட்டது. அது பொய்ப் பழியும் அல்ல. உரிமத்துக்குப் பெரும்பணம் கொடுத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் பின்வாங்கியது. சிட்ரோயன் கைவிட்டது. மாஸ்டா வங்கியின் தயவில் பிழைத்தது.

பொருள் வேலை மட்டும் நிற்கவில்லை. குரோமியத்தை நேரே அலுமினியத்தின்மேல் பூசாமல், 1974-இல் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை உள்ளே வைத்து அதைச் சுற்றி அலுமினியத்தை வார்க்கும் முறை வந்தது. தகட்டின் வெளிமுகம் அரம் போலப் பல் பல்லாக இருக்கும். அலுமினியம் அதைக் கவ்விக்கொள்ளும், சூடும் தடையின்றிக் கடந்து போகும். உள்முகத்தில் குரோமியம். தோல் அவ்வளவு உறுதியானதும் கரிச் சீல் ஓய்வுபெற்றது. எலக்ட்ரான் கற்றையால் விளிம்பை மட்டும் உருக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய வார்ப்பிரும்புச் சீல் அந்த இடத்துக்கு வந்தது. கரிச் சீலின் தடிமன் 6 மி.மீ.; இரும்புச் சீல் 3 மி.மீ. 1980-களின் நடுவில் அதுவும் 2 மி.மீ. ஆனது. கனமான பொருளைப் போட்டும் துண்டின் தடிமனைக் குறைத்த கதை இது.

அடுத்த பெரும் பாய்ச்சல் பிரான்சில். 1991-இன் லெ மான் 24 மணி நேரப் போட்டி. மாஸ்டாவின் 787பி காரில் நான்கு ரோட்டர் எஞ்சின், தலா 654 சி.சி., நிமிடத்துக்கு 9,000 சுற்றில் 700 குதிரைத்திறன். எஞ்சினின் எடை 180 கிலோ. காரின் உடற்கூடு கரியிழைக் கூட்டுப்பொருளால் ஆனது. வண்டி 830 கிலோவில் ஓட விதிகள் இடம் கொடுத்தன. ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1,000 கிலோவைச் சுமக்க வேண்டியிருந்தது. இந்த விதிச் சலுகையை மட்டும் சுட்டிக்காட்டி வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. சலுகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். ஒரு நாள் முழுக்க அந்தச் சுற்றில் எஞ்சினை ஓடவைக்கச் சலுகையால் முடியாது.

முடிந்தது இரண்டு துண்டாகச் செய்த பீங்கான் முனைச் சீலாலும், கூட்டுச் சுவரில் தெளித்த செர்மெட் தோலாலும்தான். செர்மெட் என்பது பீங்கானையும் உலோகத்தையும் கலந்த பொருள். பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பையை நினைக்க வேண்டாம். சிலிக்கான் நைட்ரைடு போன்ற பொறியியல் பீங்கான்கள் இரும்பின் பாதி எடைகூட இல்லாதவை, சூட்டில் வலுவிழக்காதவை. சுழற்சி இரட்டிப்பானால் சீலைச் சுவரோடு அழுத்தும் மையவிலக்கு விசை நான்கு மடங்காகும். பந்தய வேகத்தில் இரும்புச் சீல் தன் கனத்தாலேயே சுவரை அரைத்துவிடும். பாதி எடையில் பட்டை இருந்தால் அழுத்தமும் பாதி, தேய்வும் குறைவு. ஹிரோஷிமாவில் துளையிட்டுக் கண்ட உண்மையே பீங்கானில் இன்னொரு முறை வேலை செய்தது. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் கஷோ மூவரும் ஓட்டிய 55-ஆம் எண் கார் 362 சுற்றுகள் சுற்றி முதலிடம் பெற்றது. லெ மானில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் முதல் வெற்றி. பிஸ்டன் இல்லாத எஞ்சின் அங்கே வென்றது அந்த ஒரே முறைதான். கடைசிக் கட்டத்தை மாற்று ஓட்டுநர் இல்லாமல் ஓட்டி முடித்த ஹெர்பர்ட், நீரிழப்பால் சோர்ந்து பரிசு மேடை ஏற முடியாமல் போனார்.

கார்களில் ரோட்டரி தேய்ந்துகொண்டே வந்த காலத்தில் ஆளில்லா விமானங்கள் அதை வரவேற்றன. சிறிய விமானத்துக்கு எடை குறைவாக, அதிர்வு குறைவாக ஓர் எஞ்சின் வேண்டும். அதிர்ந்தால் கேமராவில் படம் கலங்கும். பிரிட்டனில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் ரோட்டரி வழியில் பிறந்த சிறு எஞ்சின்கள் பல நாட்டு விமானங்களில் ஏறின. நம் நாட்டு ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானமும் வெளிநாட்டு ரோட்டரியில்தான் பறந்துகொண்டிருந்தது. அதற்கு மாற்றாக 55 குதிரைத்திறன் எஞ்சினை உள்நாட்டிலேயே செய்யும் வேலையைப் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம், அகமதுநகரின் ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சினின் நடுப்பாகம் விண்வெளி ஆய்வகத்தின் பொறுப்பு. அங்கே முன்னால் வந்து நின்ற கேள்விகள் நெக்கார்சுல்மிலும் ஹிரோஷிமாவிலும் கேட்கப்பட்டவையே: எந்த அலுமினியக் கலவையில் வார்ப்பது, உள்ளே என்ன தோல் போடுவது. சிறப்பு அலுமினிய வார்ப்பும் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சும் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டன. ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள அந்த எஞ்சினோடு நிஷாந்த் 2009 ஏப்ரலில் கோலார் விமானத் தளத்திலிருந்து எழுந்து பறந்தது. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே தேர்ச்சி பெற்ற ஒரு வேலையை, பெரிய விளம்பரம் ஏதுமின்றி நம்மவர்கள் செய்தார்கள். நம் ஊடகங்கள் இதை இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கடைசியாக மீண்டும் ஹிரோஷிமா. ஆர்எக்ஸ்-8 காரோடு 2012-இல் நின்றுபோன ரோட்டரி உற்பத்தியை மாஸ்டா 2023-இல் மறுபடி தொடங்கியது. இம்முறை எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றவில்லை. எம்எக்ஸ்-30 மின்காரின் பேட்டரிக்கு மின்சாரம் உற்பத்தி செய்து தருவது மட்டுமே அதன் வேலை. ஒரே ரோட்டர், 830 சி.சி. அதன் பக்கக் கூடுகள் அலுமினியம். முகத்தில் அதிவேகச் சுடரில் தெளித்த கடினத் தோல். 1968-இல் செலவு கருதிக் கைவிட்ட அதே யோசனை, தெளிப்புத் தொழில்நுட்பம் முதிர்ந்தபின் திரும்பி வந்திருக்கிறது. இரும்பை விட்டதால் மிச்சமானது 15 கிலோவுக்கு மேல். பேட்டரியைச் சுமக்கும் காரில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

முனைச் சீலில் மட்டும் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். 2 மி.மீ.யிலிருந்து தடிமனை 2.5 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். ரோட்டர் பெரிதானதால் முனை வேகமாக உரசுகிறது, தேய்வைத் தாங்கும் உடம்பு வேண்டும். ஒரு பக்கம் கிலோக்கணக்கில் குறைத்துவிட்டு, இங்கே அரை மில்லிமீட்டரைக் கூட்டியிருப்பவர்கள் இந்த எஞ்சினை நன்றாக அறிந்தவர்கள்.

(தொடரும்)